நாடா கட்டிய கைகள்

துணிவு என்றதும் போர்க்களங்களையும் கொலைக்களங்களையும் எண்ணுவது இலக்கிய வாசகர்களாகிய நமக்கு வழக்கமாகிவிட்டது. கிறித்தவ மரபிலும் இரத்தசாட்சிகளின் கதைகளே உரக்கப் பேசப்படுகின்றன. அன்றாடத்தைத் தாங்கும் துணிவோ ஓசையின்றி இருப்பதால் ஏடேறுவது அரிது. அவ்வாறு ஏடேறிய சிலவற்றுள் ஒன்று ஜான் பனியனின் சிறைவாழ்க்கை.

எங்களைப் போன்ற நெல்லைக் கிறித்தவக் குடும்பங்களில் அவர் 'மோட்சப் பிரயாணம்' எழுதியவராகவே அறிமுகமானார். அந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. யாத்திரிகனின் வீரம் பலரும் அறிந்ததே. அவனைப் படைத்தவரின் அச்சந்தான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1660 நவம்பரில், சட்டம் ஏற்காத கூட்டத்தில் பிரசங்கித்ததற்காகப் பனியன் கைதானார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம், அவர் வாக்களிக்கவில்லை. ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கழிந்தன. பார்வையற்ற மூத்த மகளை எண்ணி நெஞ்சம் உடைந்ததையும், தூக்குமேடை ஏணியில் கால் நடுங்கி முகம் வெளிறிவிடுமோ என்று அஞ்சியதையும் அவர் தம் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அஞ்சியபடியே நீண்ட நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி, அவற்றை விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். நம்பிக்கை அவருடைய அச்சத்தை அகற்றவில்லை. அதை ஆண்டவரிடம் சொல்லிவிட்டுக் கையிலிருந்த வேலையைத் தொடரச் செய்தது.

இதை நாங்கள் வீட்டில் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அம்மாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. இரண்டாம் ஆண்டில் ஓரிரவு, குடும்ப ஜெபத்துக்கு அமர்ந்தபோது, "போதும் பிள்ளைகளா, நாளைக்கு நான் வரல" என்றார். மறுமொழி சொல்ல எங்களில் எவருக்கும் நா எழவில்லை. வழக்கமாக வாசிக்கும் 23ஆம் சங்கீதத்தை எடுக்க மனம் வராமல், தங்கை 88ஆம் சங்கீதத்தை வாசித்தாள். ஆறுதலாக ஒரு சொல்லும் இன்றி இருளிலேயே முடியும் சங்கீதம் அது. அம்மா கண்மூடிக் கேட்டார். பிறகு, "இப்படியெல்லாம் அவர்கிட்ட சொல்லலாமா?" என்றார். "வேதத்திலேயே இருக்கேம்மா" என்றாள் தங்கை. அன்றிரவு அம்மா நெடுநேரம் தனியாக ஜெபித்தார். என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. விடிந்ததும் அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "ஆட்டோவுக்குச் சொல்லியாச்சா?"

நோய் நீங்கிவிடவில்லை. ஊசி ஏற்றும் வேளையில் அம்மாவுக்கு இன்றும் பயந்தான். "ஆண்டவரே, பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார்; அடுத்த நொடியே செவிலியிடம் அவர் பிள்ளையின் பரீட்சையைப் பற்றி விசாரிப்பார். பயத்தைச் சொல்வதற்கு ஓர் இடம் வாய்த்துவிட்டால், அதை மறைப்பதில் செலவாகும் வலிமை மிச்சமாகிறது என்பது எங்கள் துணிபு.

பனியனின் கதையில் எங்களை மிகவும் ஈர்த்தவர் அவருடைய இரண்டாம் மனைவி எலிசபெத். கணவர் கைதான அதிர்ச்சியில் குறைப்பிரசவமாகி, பிறந்த குழந்தையையும் இழந்தவர். மூத்தாளின் நான்கு பிள்ளைகளையும் பிறர் தருமத்தில் வளர்த்துவந்த அந்த இளம்பெண், 1661இல் பெட்ஃபோர்டு நீதிபதிகள் முன் நின்று கணவருக்காக வாதாடினார். முதலில் நாணமும் நடுக்கமும் இருந்தன. ஆயினும் நீதிபதி சினந்தபோதும் பேச்சை நிறுத்தவில்லை. விடுதலை கிடைக்கவில்லை. அழுதபடி வெளியேறி, காத்திருந்த நான்கு பிள்ளைகளிடம் திரும்பினார். அடுத்து வந்த பத்தாண்டுகளையும் அவர் ஒவ்வொரு நாளாகவே கடந்திருக்க வேண்டும்.