அளத்துக் காலும் பெரிய வியாழனும்

கிறித்தவத்தில் பெரிய வார்த்தை எது என்று கேட்டால் அன்பு என்பார்கள். கடவுள் மனுசனை நேசித்தார், நேசித்ததால் தன் மகனையே கொடுத்தார், அந்த மகன் சிலுவையில் செத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். எனக்கு இருப்பது ஒரே கேள்வி. கடவுள் கொடுத்தார், சரி. வாங்கிக்கொண்டவர்கள் பக்கத்தில் இருக்கிறவனுக்கு என்ன கொடுத்தார்கள்?

நான் மரக்காணத்து அளத்தில் உப்பு வாரிய குடும்பத்தில் பிறந்தவன். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் எங்க ஊர்தான் என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எம்.ஏ. தமிழ் வகுப்பில் நெய்தல் திணை நடத்தினார்கள். உமணர் வண்டி வந்தது, இரங்கல் வந்தது, கழிமுகம் வந்தது. உப்புத்தண்ணியில் நிற்கிற கால் மட்டும் வரவில்லை.

அந்தக் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனி விலகியதும் அளத்தில் வேலை தொடங்கும். சேற்றை மிதித்து மிதித்துப் பாத்தித் தரையை இறுக்குவார்கள். மிதிப்பது கால்தான். பாத்திக்குப் பாத்தி தண்ணி ஏற ஏற உறைப்பு கூடும். உறைந்த உப்பை அந்தத் தண்ணிக்குள் நின்றுதான் வார வேண்டும். கால் வெடிக்கும், வெடிப்பில் உப்பு இறங்கும். வெள்ளை வெயில் கண்ணைக் குத்தும். ஐப்பசியில் மழை பிடித்தால் வேலை நின்றுபோகும், அடுப்பும் நின்றுபோகும்.

தவக்காலம் வருவது இந்த வேலை மும்முரமாக நடக்கும் மாதங்களில். பெரிய வியாழன் ராத்திரி கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். ஒரு வருசம் எங்கம்மா சொல்லிச்சி: "சாமி கழுவுறதெல்லாம் வூட்லயே சோப்புப் போட்டுக் கழுவிக்கினு வந்த காலு. எங்கக் காலக் கழுவணும்னா ஒரு குண்டான் தண்ணி பத்தாதுடா."

எங்கம்மா காலைக் கழுவ அன்றைக்கு விதியிலும் இடமில்லை. ஆண்கள் காலைத்தான் கழுவ வேண்டும் என்று சடங்கு நூலில் இருந்தது. 2016 சனவரியில்தான் போப் பிரான்சிஸ் அதை மாற்றினார். அவர் அதற்கு முன்பே, 2013இல், ரோமில் இளம் குற்றவாளிகள் சிறைக்குப் போய்ப் பெண்கள் காலையும் கழுவியிருந்தார்.

யோவான் நற்செய்தியில் அந்த ராத்திரியை வாசித்துப் பாருங்கள். ஊழியக்காரன் செய்கிற வேலையைக் குரு செய்கிறார். பேதுரு பதறுகிறார். நம்ம ஊர்க்காரனுக்கு அந்தப் பதற்றம் நன்றாகப் புரியும். ஆண்டை குனிந்து பண்ணையாள் காலைத் தொட்டால் ஊர் தாங்குமா? செத்துப்போகிற முந்தின ராத்திரி இயேசு கவிழ்த்துவிட்டுப் போனது அந்த ஒழுங்கைத்தான். நான் செய்ததை நீங்களும் ஒருத்தருக்கொருத்தர் செய்யுங்கள் என்றுதான் கட்டளை. கடவுளின் அன்புக்குப் பதில் கடவுளுக்குச் செலுத்துவதல்ல, அடுத்தவனுக்குச் செலுத்துவது.

நம்ம திருச்சபையில் அந்தப் பதில் எப்படி இருந்தது? மரக்காணம் எந்தப் புதுச்சேரி-கடலூர் மறைமாவட்டத்தில் இருக்கிறதோ, அதே மறைமாவட்டத்தில்தான் உளுந்தூர்பேட்டை பக்கத்து எறையூரும் இருக்கிறது. அங்கே தலித் கிறித்தவர்களுக்குக் கோயிலில் தனி இடம், செத்தால் தனிக் கல்லறை. கோயில் முன்னால் போகிற தெருவில் பிணம் தூக்கிப் போக முடியாது. எங்க சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கிக் கொடுங்கள் என்று கேட்டு 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9, தவக்காலத்து ஞாயிறு, அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டது. வன்னியக் கிறித்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். பெரிய வெள்ளிக்குப் பன்னிரண்டே நாள் இருந்தது.

தாக்கிய கூட்டமும் தாக்கப்பட்ட சனமும் ஒரே அப்பத்தை வாங்கினவர்கள். கண்ணில் தெரியும் சகோதரனை வெறுக்கிறவன் கண்ணில் தெரியாத கடவுளை நேசிக்க முடியாது என்கிறது யோவானின் முதல் திருமுகம். இது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. தெரிந்தே மறைத்துவைத்த வசனம்.

செத்த அந்த இரண்டு பேருக்காகவும் நான் துக்கப்படுகிறேன். நம் தோழர்கள் சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் சாதி அவர்களிடம் ஒரு தெருவைக் கொடுத்து, இதைக் காவல் காத்துச் சாகு என்றது. அவர்களும் போனார்கள். அந்தச் சாவைத் தியாகம் என்று சொல்ல முடியாது. நம்ம சனம் தலைமுறை தலைமுறையாக அனுபவித்ததையும் தியாகம் என்று சொல்ல முடியாது. என் உயிரை யாரும் பறிக்கவில்லை, நானாகத்தான் கொடுக்கிறேன் என்கிற அர்த்தத்தில் இயேசு பேசியிருக்கிறார். நம்மிடம் இருந்தது பறிக்கப்பட்டது. பறித்துக்கொண்டு, "பொறுத்துக்கோ, இயேசுவும் பொறுத்தார்" என்று பிரசங்கம் வைப்பது அன்பல்ல. தியாகத்தைத் தனக்குத்தான் கேட்டுக்கொள்ளலாம். அடுத்தவன் முதுகில் ஏற்றக் கூடாது.

அப்படித் தனக்குக் கேட்டுக்கொண்டவரும் நம்மிடையே இருந்தார். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சாமி. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்த அவர்கள் பிள்ளைகளுக்காகவும் நின்றார். 2020 அக்டோபரில் கைது செய்தபோது வயசு 83. கை நடுங்கும், தம்ளர் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021 சூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே செத்தார். அவரை யாரும் தெருவில் பிடித்துத் தள்ளவில்லை. தானாகக் குனிந்தார். பெரிய வியாழனுக்கு அர்த்தம் கேட்டால் நான் அவரைக் காட்டுவேன்.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கையறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் அது பாவம் என்பதையும் ஒத்துக்கொண்டது. நல்லது. பாவசங்கீர்த்தனம் பண்ணினால் பரிகாரமும் உண்டு என்று நமக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தானே?

பரிகாரம் இன்னதென்று நாமே சொல்லலாம். இரண்டு கல்லறை இருக்கிற பங்கில் ஒன்றாக்குங்கள். தேர் எல்லாத் தெருவுக்கும் வரட்டும். எந்தத் தெருப் பிணமும் கோயில் வாசல் வழியாகவே போகட்டும். அதுவரைக்கும் பெரிய வியாழனுக்கு யார் கூப்பிட்டாலும் எங்கம்மா காலை நீட்ட வேண்டியதில்லை. அளத்துச் சேற்றோடு, நிமிர்ந்து, முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும்.