பழவேற்காட்டு ஏரியில் ஒரு பகல்

நமது சங்கத்தின் மாதக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் தம் மகன் அனுப்பியிருந்த படங்களைக் காட்டினார். ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையிலுள்ள நமீபியா நாட்டில் வால்விஸ் பே என்றொரு துறைமுகம் உண்டு. காலையில் அங்கே படகேறி டால்பின்களையும் சீல்களையும் கண்டு வரலாம். பிற்பகலில் வழிகாட்டியோடு வண்டியேறி, பாலை மணல்மேடுகள் நேரே கடலில் இறங்கும் விந்தையைக் காணலாம். எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். படங்களைப் பார்த்த சிறுவர்கள், "நம் பக்கத்தில் இப்படி ஓர் இடம் இல்லையா?" என்று கேட்டார்கள்.

இருக்கிறது; அதுவும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது, முன்பு நெல்லூரைச் சேர்ந்திருந்த சூளூர்ப்பேட்டையும் தடாவும் திருப்பதி மாவட்டத்தோடு இணைந்தன. மலையடிவாரத்து மாவட்டம் என்றே நாம் எண்ணியிருந்த நிலத்துக்குக் கடற்கரையும், பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதியும் உரியனவாயின. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இதுவே.

ஆகவே மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் குழந்தைகள் உட்பட முப்பத்துநான்கு பேர் ஒரு பேருந்தில் புறப்பட்டோம். காளத்தியைக் கடந்து நாயுடுப்பேட்டையில் சிற்றுண்டி முடித்து, வெயில் ஏறுமுன் நேலபட்டுப் பறவைகள் சரணாலயத்தை அடைந்தோம். 1976இல் ஏற்பட்ட இச்சரணாலயத்தில், நீரில் நிற்கும் கடம்ப மரங்களின் மேல் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. தாய்ப்பறவை தன் பெரிய அலகுப்பையைத் திறக்க, குஞ்சு தலை முழுவதையும் உள்ளே விட்டு இரை எடுத்தது. அந்த இரையெல்லாம் பழவேற்காட்டு ஏரியிலிருந்து வருகிறது என்று அங்கிருந்த காவலர் சொன்னார். வீடு ஓரிடம், பிழைப்பு வேறிடம்! "நம்மைப் போலத்தான்" என்று ஓர் அம்மையார் மெல்லச் சொன்னதைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை.

சூளூர்ப்பேட்டையிலிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியின் குறுக்கே போகிறது. இங்கேதான் எங்கள் பாலைவனம் தென்பட்டது. மழைக்காலத்தில் நீர் நிறைந்திருக்கும் ஏரியின் வடபகுதி, வெயில் ஏற ஏற வற்றிப் போகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த சேறும், அதன்மேல் வெள்ளையாகப் பூத்த உப்பும், நடுங்கும் கானலுமே தெரிந்தன. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் காட்டினார். இங்கோ நெய்தல் நிலமே ஆண்டுதோறும் சில மாதங்கள் பாலையாகி, மீண்டும் நெய்தலாகிறது.

அந்தப் பாலையின் ஓரத்தில், கணுக்கால் ஆழ நீரில், இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. கோடு அசைந்தபோதுதான் அது பறவைக் கூட்டம் என்று அறிந்தோம். "ராஜஹம்ஸ! ராஜஹம்ஸ!" என்று தெலுங்கில் கூவினான் எங்கள் சிறுவன் ஒருவன். தமிழில் என்ன பெயர் என்று அவன் தந்தையைக் கேட்டான், அவருக்குத் தெரியவில்லை. எங்களில் பலருக்கும் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

தீவின் பெரும்பகுதி விண்வெளி நிலையத்துக்கு உரியது. அனுமதியின்றி உள்ளே போக இயலாது. 1980 ஜூலை 18இல் எஸ்.எல்.வி. 3 ரோகிணியைச் சுமந்து சென்றதும், 2023 ஜூலை 14இல் சந்திரயான் 3 கிளம்பியதும் இங்கிருந்துதான். நிலையத்துக்குப் பெயர் தந்த சதீஷ் தவான் அவர்கள் பறவைகள் பறக்கும் விதத்தைப் பற்றியும் 1991இல் ஒரு நூல் எழுதியவர் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

பிறகு தெற்கே தடாவுக்கு வந்து, பீமுலவாரிப்பாளையம் படகுத்துறையில் இறங்கினோம். எங்களை அழைத்துச் செல்ல வந்த முதியவர் தமிழர். ஒரு படகுக்குப் பத்துப் பேர்தான், எல்லோரும் உயிர்காப்புச் சட்டை அணியவேண்டும் என்றார். இருந்தவை இரண்டே படகுகள். பாதிப்பேர் கரையில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. எங்களுள் மூத்தவர் ஒருவர் சினந்து, "முழங்கால் தண்ணீருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார்.

படகோட்டி நிதானமாகச் சொன்னார்: "ஆழமில்லைங்கய்யா, அதுதான் ஆபத்து. ஆழமில்லைன்னா யாருக்கும் பயம் வராது."

2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, இதே ஏரியின் தென்கோடியில் பழவேற்காட்டருகே, உலாவச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அச்செய்தி எங்களில் சிலருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெரியவர் வேறொன்றும் பேசாமல் சட்டையை அணிந்துகொண்டார்.

ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. தலையைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, சேற்றை அலகால் வடிகட்டி உண்ணும் அந்தச் செந்நிறப் பறவைக்குப் பூநாரை என்று பெயர் சொல்லித் தந்தவரும் படகோட்டியே. உண்ணும் இரையிலிருந்தே அதற்கு அந்நிறம் வருகிறது. வால்விஸ் பேயின் கரையிலும் பூநாரைகள் உண்டு என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு அவர் வியந்தார். ஆலா, நத்தைக்குத்தி, கடற்காகம் என்று அவர் சொல்லச் சொல்ல, காலையில் வெட்கப்பட்ட தந்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

படகு ஒரு மணல் திட்டில் நின்றது. கிளிஞ்சல்கள் சிதறிக் கிடந்த அம்மணலில் பிள்ளைகள் ஓடி விளையாட, நாங்கள் ஏரியின் நிலையைக் கேட்டோம். ஆரணியாறும் காளாங்கியும் நன்னீர் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இரண்டும் கலப்பதால்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. ஆனால் கரையோர நீரோட்டம் கொணரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. அடைபட்டால் ஏரி கடலோடு உறவற்றுத் தேங்குகிறது, மீன் குறைகிறது, வலையை நம்பிய குடும்பம் கூலிவேலை தேடி வெளியூர் போகிறது. "வாய் திறந்திருந்தாத்தாங்க ஏரி உயிரோட இருக்கும்" என்றார் அவர்.

திரும்பும்போது காற்று எழுந்தது. படகு ஆடி, விளிம்பைத் தாண்டித் தண்ணீர் எங்கள் மடியில் விழுந்தது. காலையில் சினந்த பெரியவர் பக்கத்திலிருந்த குழந்தையின் சட்டை முடிச்சைத் தாமே இறுக்கிக் கட்டினார்.

அன்பர்களே, நீங்களும் சென்று வாருங்கள். கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். குடிநீரும் குடையும் எடுத்துச் செல்லுங்கள். உயிர்காப்புச் சட்டை தராத படகில் ஏறாதீர்கள். பறவைகளின் பெயர்களை இரு மொழியிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு நீரும் வேண்டும். தெலுங்கு தானே வந்து சேர்ந்துவிடும். தமிழ் வரும் வாயில் அடைபடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோராகிய நமது கடமை.

அன்று இரவு பேருந்தில் விளக்கணைத்த பிறகும், பின் இருக்கையில் ஒரு சிறுகுரல் "பூநாரை, கூழைக்கடா, நத்தைக்குத்தி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.