ஒரே சுற்றில் பழம் வெட்ட முடியாது

எஸ்பிஎம் எழுதும் பிள்ளை இருக்கிற வீட்டை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். தொலைக்காட்சிச் சத்தம் பாதியாகக் குறைந்திருக்கும். சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பேனா இருக்கும். படிக்கிற மேசைக்கு எதிர்ச் சுவரில் மணிலா அட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதில் ஏழு நாள், ஏழு நிறம், அடிக்கோல் வைத்துப் போட்ட கட்டங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று, "பரவாயில்லையே, நல்லா பிளான் பண்ணியிருக்காளே" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள்.

2025-இல் பாகான் டத்தோவில் என் தங்கச்சி வீட்டுச் சுவரிலும் அப்படி ஓர் அட்டை ஏறியது. மாலை 3.00 முதல் 4.30 வரை வரலாறு, 4.30 முதல் 6.00 வரை அட் மேத்ஸ். இரவு 8.00 முதல் 9.30 வரை இயற்பியல், 11.00 வரை வேதியியல். திங்கள் தொடங்கி ஞாயிறு வரை ஒரு கட்டமும் காலியில்லை. வரலாற்றுக்குச் சிவப்பு மை, தமிழுக்கு ஊதா.

"பசியாறுறது எங்கம்மா இருக்கு?" என்று தங்கச்சி மகளிடம் கேட்டேன்.

"அதெல்லாம் இடையில போயிடும் மாமா."

இடையில் போவது பசியாறுவது மட்டும் இல்லை. பள்ளிப் பேருந்து மூன்று மணிக்கு முன்னால் அவளைக் கொண்டுவந்து விட்டதே கிடையாது. வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை தமிழ் வகுப்பு, அக்டோபர் மாத மாலை மழை, தம்பியின் வீட்டுப்பாடம் எதற்கும் அந்த அட்டையில் கட்டம் இல்லை. அது வீடு என்று ஒன்று இல்லாத பிள்ளைக்குப் போட்ட அட்டவணை.

அவளைக் குறை சொல்வதற்கில்லை. 2025-இல் எஸ்பிஎம் எழுதிய பிள்ளைகள் ஒரு விதத்தில் இந்த நாட்டுக்கே புதியவர்கள். 1988-இல் தொடங்கிய யுபிஎஸ்ஆர் தேர்வை, அவர்கள் ஆறாம் ஆண்டு படித்த 2020-இல் கோவிட் நிறுத்தியது. அடுத்த ஆண்டே அரசாங்கம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. படிவம் 3-க்கு அவர்கள் வருவதற்குள் பிடி3 தேர்வும் போய்விட்டது. முன்பு 12 வயதில் ஒரு பொதுத் தேர்வு, 15-இல் ஒன்று, 17-இல் ஒன்று என்று இருந்தது. இவர்களுக்கு முதல் பொதுத் தேர்வே எஸ்பிஎம்தான்.

அந்தத் தேர்வுகள் போனதில் எனக்கு வருத்தமில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு யுபிஎஸ்ஆர் என்பது தமிழில் இரண்டு தாள், மலாயில் இரண்டு தாள், ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்று ஏழு பாடம். 2016-இல் ஆங்கிலத்தையும் இரண்டாகப் பிரித்து எட்டாக்கினார்கள். தேர்வு முடிவு வரும் நாளில் "ஏழு ஏ" வாங்கிய பிள்ளையின் படம் தமிழ்ப் பத்திரிகையில் வரும், வாங்காத பிள்ளை லயத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மலாய்மொழியில் தடுக்கியவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டும். இதெல்லாம் 12 வயதுக்கு அதிகம். ஆனாலும் அந்தச் சுமைக்குள் ஒரு பயிற்சி இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு பாடநூலை எத்தனை முறை புரட்ட முடியும், இரவு எத்தனை மணிக்குத் தன் கண் சொருகும் என்பதை அந்தப் பிள்ளைகள் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். இந்தக் கணக்கையெல்லாம் என் தங்கச்சி மகள் 17 வயதில்தான் முதல் முறையாகப் போட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பள்ளி பிப்ரவரியில் திறந்து, எஸ்பிஎம் எழுத்துத் தேர்வு பழையபடி நவம்பருக்குத் திரும்பியது. தீபாவளி அக்டோபர் 20. எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்குவதற்குள் சோதனை வந்துவிட்டது.

இதோடு பாடச் சுமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறிவியல் பிரிவுப் பிள்ளைக்கு மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், அட் மேத்ஸ், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று ஒன்பது. தமிழ் எடுத்தால் பத்து, இலக்கியமும் எடுத்தால் பதினொன்று. 2009-இல் எஸ்பிஎம் பாடங்களுக்குப் பத்து என்று வரம்பு கட்டப் பார்த்தபோது, தமிழும் இலக்கியமும் அடிபட்டுப் போகும் என்று நம் ஆட்கள் எழுப்பிய குரலும் சேர்ந்துதான் கூடுதலாக இரண்டு பாடத்துக்கு வழி விட்டார்கள். போராடி வாங்கிய அந்த இரண்டு பாடத்துக்கும் பல பள்ளிகளில் வகுப்பு நடப்பது பள்ளி நேரத்துக்கு வெளியேதான். அட்டவணை போடும்போது முதலில் கழிந்து போவதும் அவைதான். என் தங்கச்சி மகளின் அட்டையில் ஊதா நிறம் வாரத்துக்கு ஒரே ஒரு கட்டத்தில் இருந்தது. அதுவும் ஞாயிறு இரவு பத்து மணிக்கு.

அட்டையைப் பார்த்துவிட்டு நான் சொன்ன எதுவும் அவளிடம் ஏறவில்லை. அவளைத் திருப்பியது அவள் அப்பா. மாப்பிள்ளை செம்பனைத் தோட்டத்தில் தண்டல். முன்பு அவரே பழம் வெட்டியவர். இப்போது வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள். இவர் நிரை பிரித்துக் கொடுத்துக் கணக்கு எழுதுகிறார். படிப்பைப் பற்றி வீட்டில் வாய் திறக்கமாட்டார். அன்றைக்கு அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்:

"வரலாறு மொத புத்தகம் ஆகஸ்டுல முடியுதுன்னு போட்டிருக்க. அப்புறம் அது எப்பம்மா திரும்ப வரும்?"

"முடிச்சாச்சுன்னா முடிச்சாச்சுப்பா."

"ஒரே சுத்துல பழம் வெட்டிட முடியுமா?"

செம்பனை தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரு மரத்தில் எல்லாக் குலையும் ஒரே நாளில் பழுப்பதில்லை. பத்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை அதே நிரைக்குத் திரும்பிப் போக வேண்டும். மரத்தடியில் உதிரிப் பழம் கிடந்தால் மேலே குலை பழுத்திருக்கிறது என்று பொருள். உதிரி இல்லாத மரத்தில் அரிவாளை நீட்டக்கூடாது. சுற்றுத் தவறினால் பழம் கனிந்து எண்ணெயின் தரம் கெடும். முந்திப் போனால் காய்தான் கிடைக்கும்.

மாப்பிள்ளை வாயில் வந்ததை மனவியல் வேறு வழியில் சொல்லியிருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று தன்னையே சோதித்து 1885-இல் நூலாக்கினார். மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பிப் படித்தால் அதே உழைப்புக்குக் கூடுதலாக நிற்கிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மறு சாரார் ஒரு முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். புத்தகத்தை மூடிய பிறகு தாளில் என்ன உதிர்கிறது என்பதுதான் கணக்கு.

இன்னொரு ஆய்வு, கட்டம் கட்டுகிறவர்களுக்காகவே செய்தது போல இருக்கும். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூவர், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கல்லூரி மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாமே கோளாறாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்ன கணக்கும் போதவில்லை. ஆகவே திட்டம் நழுவுவது சோம்பேறிப் பிள்ளைகளின் குணம் இல்லை. திட்டம் போடும் எல்லாருக்கும் உள்ளது.

இரண்டாவது அட்டையை அவள் போடும்போது நிறம் குறைந்திருந்தது. அன்றாடம் வேறு காரியத்துக்குப் போகும் நேரத்தை முதலில் கறுப்பு மையால் அடைத்தாள். பேருந்து, குளியல், சாப்பாடு, கோயில், தமிழ் வகுப்பு, தம்பி. மிச்சம் வார நாளில் இரண்டரை மணி நேரம்தான் தேறியது. பார்த்ததும் முகம் வாடியது. ஆனால் அந்த இரண்டரை மணி நேரம் உண்மையானது. கட்டத்துக்குள் "வரலாறு" என்று எழுதாமல், "படிவம் 4, பாடம் 3, மூடி வைத்து எழுது" என்று செய்ய வேண்டியதை எழுதினாள். பக்கத்தில் அதே பாடம் திரும்ப வரும் தேதி. புதன் இரவையும் ஞாயிறு பிற்பகலையும் ஒன்றும் எழுதாமல் விட்டாள். நழுவியது அங்கே போய் விழும். பெர்சுபான் என்ற முன்னோட்டத் தேர்வின் தாள்கள் திருத்தி வந்ததும், மதிப்பெண் போன பாடங்களுக்கு ஒரு சுற்றுக் கூட்டி, நன்றாக வந்ததற்கு ஒரு சுற்றுக் குறைத்தாள். தமிழ் ஞாயிறு இரவிலிருந்து சனி காலைக்கு வந்தது. வகுப்பில் படித்த சூட்டோடு ஓர் அரை மணி நேரம்.

பாகான் டத்தோ வட்டாரத்தில் ஒரு குறை உண்டு. நல்ல டியூஷன் வேண்டுமானால் ஊத்தான் மெலிந்தாங்குக்கோ தெலுக் இந்தானுக்கோ போக வேண்டும். மோட்டாரில் போய் வருவதிலேயே மாலை முடிந்துவிடும். 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை தூக்கிவிட்டிருக்கின்றன. பட்டணத்துப் பிள்ளைக்கு அந்த வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. கடலோரத்துத் தென்னைக்கும் செம்பனைக்கும் நடுவில் இருக்கிற பிள்ளைக்கோ, தன் நேரத்தைத் தானே ஒழுங்காகப் பிரிக்கத் தெரிவதுதான் கைக்கு எட்டும் முதல் டியூஷன். அதற்குக் கட்டணமும் இல்லை.

அதனால்தான் இதைப் படிவம் 5 வரை தள்ளிவைக்கக்கூடாது என்கிறேன். சின்னத் தேர்வுகள் போய்விட்டன, அவை சொல்லிக்கொடுத்த கணக்கை இனி வீடுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். படிவம் 1 பிள்ளைக்கு ஒரு மாதம், ஒரே பாடம், வாரத்துக்கு இரண்டு சுற்று போதும். மாதக் கடைசியில் திட்டத்தையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். தன் 34 நாள் எப்போது 55 நாள் ஆகிறது என்று 13 வயதிலேயே தெரிந்த பிள்ளை, 17-இல் நிறப் பேனாவை நம்பி ஏமாறாது.