பெரிய நாற்காலியை விட்டு எழுந்தவர்

புதுச்சேரிக்காரனுக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நமக்குத் தெரிந்த ஐஸ் எல்லாம் சைக்கிள் பெட்டியில் வந்த பால் ஐஸும் சேமியா ஐஸும்தான். நானும் அறுபது வயது வரை அப்படித்தான் இருந்தேன்.

2007இல் ஓய்வு பெற்றேன். அந்த நவம்பரில் நானும் மனைவியும் மொந்த்ரேயாலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். வெளியே தலை காட்ட முடியாத குளிர். பொழுது போக வேண்டுமே என்று பிரெஞ்சு சேனல் பார்க்க ஆரம்பித்தேன். பள்ளியில் கணக்கு, சரித்திரம் எல்லாம் பிரெஞ்சிலேயே படித்தவன் நான். வேலைக்கு வந்த பிறகு ஃபைல் முழுக்க ஆங்கிலம். பிரெஞ்சு நாக்கில் துருப்பிடித்துக் கிடந்தது. அதிலும் அந்த ஊர்ப் பிரெஞ்சு வேறு மாதிரி. ஒரு வாரம் காதில் ஏறவே இல்லை.

மாப்பிள்ளை ஹாக்கி பைத்தியம். அவரோடு உட்கார்ந்துதான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். பந்துக்குப் பதில் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. அதை 'ரோந்தெல்' என்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: கோல் காப்பவர் ஒருவர், முன்னால் ஆடுபவர்கள் மூவர், நடுவே தடுப்பாட்டக்காரர்கள் இருவர். கோல் போட்டவன் பெயரை ஊரே கத்தும். தடுத்தவன் பெயர் அநேகமாகக் காதில் விழாது. கிளார்க் உத்தியோகம் மாதிரிதான். ஃபைல் ஒழுங்காகப் போனால் யாருக்கும் நம்மைத் தெரியாது, தவறினால்தான் கூப்பிடுவார்கள்.

நவம்பர் 19ஆம் தேதி இரவு. "மாமா, சீக்கிரம் வாங்க. இன்னைக்கு லாரி ராபின்சனுக்கு மரியாதை பண்றாங்க" என்று மாப்பிள்ளை கூப்பிட்டார். மொந்த்ரேயால் கனேதியன் அணியில் அவர் அணிந்த 19ஆம் எண் சட்டையை இனி யாரும் போடக்கூடாது என்று அரங்கத்தின் கூரைக்கு ஏற்றினார்கள். நல்ல உயரம், ஆறடி நாலங்குலம், அடர்ந்த மீசை. என்னைவிட நாலு வயது இளையவர்.

அவர் கதையை மாப்பிள்ளை கொஞ்சம் சொன்னார். மீதியை நானே தேடிப் படித்தேன். 1951இல் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். பால் பண்ணை நடத்திய குடும்பம். 1971இல் மொந்த்ரேயால் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அங்கே பதினேழு பருவம், பிறகு லாஸ் ஏஞ்சலஸில் மூன்று, ஆக இருபது பருவம் ஆடினார். ஸ்டான்லி கோப்பையை ஆறு முறை வென்ற ஆட்டக்காரர். செர்ஜ் சவார், கீ லாப்புவேந்த், ராபின்சன் ஆகிய மூன்று தடுப்பாட்டக்காரர்களையும் சேர்த்து 'பெரிய மூவர்' என்பார்கள். 1976-77 பருவத்தில் எண்பது ஆட்டத்தில் அந்த அணி தோற்றது எட்டே எட்டு.

இந்த ஆட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் ஆடும்போது, நீ களத்தில் இருக்கையில் உன் அணி கோல் போட்டால் உனக்கு ஒன்று கூட்டல். எதிரணி போட்டால் ஒன்று கழித்தல். கோலை யார் போட்டார்கள் என்பது கேள்வியே இல்லை. அந்தப் பருவத்தில் ராபின்சனின் கணக்கு கூட்டல் 120. வாழ்நாள் கணக்கு எழுநூறைத் தாண்டியது. வேறு யாரும் அதை எட்டவில்லை. வரவு செலவு பார்த்தே காலம் கழித்தவனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா?

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஆனார். நியூ ஜெர்சி அணியில் உதவியாளராக இருந்து 1995இல் கோப்பை பார்த்தார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் நாலு பருவம் தலைமைப் பயிற்சியாளர். ஒரே ஒருமுறைதான் அடுத்த சுற்றுக்குப் போக முடிந்தது. வேலை போயிற்று. மறுபடி நியூ ஜெர்சியில் உதவியாளர். 2000 மார்ச்சில், லீக் சுற்றில் எட்டே ஆட்டம் பாக்கி இருக்கும்போது தலைமைப் பயிற்சியாளரை நீக்கி, இவரை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள்.

சாதுவான மனிதர் என்று பெயர். ஆனால் அந்த மே மாதம் ஃபிலடெல்ஃபியாவிடம் 3-1 என்று பின்தங்கியபோது, அறைக்குள் சத்தம் போட்டுக் குப்பைத் தொட்டியை உதைத்தாராம். அடுத்த மூன்று ஆட்டத்தையும் வென்றார்கள்; இறுதியில் டல்லஸையும் வென்று கோப்பையைத் தூக்கினார்கள். அன்றைய ஆட்டத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போன பெத்ர் சீக்கோராவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ராபின்சன் பனித்தளத்தில் நின்றார். இல்லாத பையனும் அங்கே இருந்த மாதிரி.

அடுத்த ஆண்டு இறுதியில் தோல்வி. 2002 ஜனவரியில் நீக்கினார்கள். 2005இல் மறுபடி அதே தலைமைப் பதவி. அந்த டிசம்பரில் தானாகவே விட்டு விலகினார். மன அழுத்தம், தலைவலி என்று காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார். அணியை விட்டுப் போகவில்லை. தலைமை இல்லாத வேலையில் தொடர்ந்தார்.

மாப்பிள்ளை இதைச் சொன்னபோது என் கையில் இருந்த காப்பி ஆறிப்போனது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் என் ஆபீசில் சூப்பரின்டென்ட் இடம் காலியானது. சீனியாரிட்டிப்படி எனக்குப் பொறுப்பு கொடுத்தார்கள். வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடினோம். நாலு மாதம்தான். பன்னிரண்டு பேர் விடுப்பு, சண்டை, சிபாரிசு, மேலே இருந்து போன். ராத்திரி மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்திருப்பேன். தலை இடி இடியென்று இடிக்கும். கடைசியில் என்னால் முடியவில்லை, பழைய சீட்டையே கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அடுத்து இருந்தவருக்கு அந்த இடம் போயிற்று.

வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. "ஆள் பிடித்து என் இடத்தை வாங்கிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டேன். மனைவி நம்பினாள், பிள்ளைகள் நம்பினார்கள். அந்த மனிதர் என் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒருவர் ஆறு கோப்பை ஆட்டக்காரராகவும் ஒரு கோப்பை தலைமைப் பயிற்சியாளராகவும் வென்றவர். அவர் ஊரறிய 'முடியவில்லை' என்கிறார். அதற்காக யாரும் அவரைக் கோழை என்று சொல்லவில்லை. இரண்டே வருடத்தில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. யு.டி.சி.யாக இருந்த எனக்கு என்ன வந்தது?

மறுநாள் காலை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உடம்பு முடியலன்னு விட்டதுல தப்பு ஒண்ணும் இல்லப்பா. ஆனா அந்த அங்கிள் என்ன பண்ணாரு?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு மேப்பிள் பாகு டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "ஓய், எனக்கு அப்பவே தெரியும்யா. உங்க பொண்ணு முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டேன்" என்று சிரித்தார். பிறகு, "அந்த நாற்காலியில எனக்கும் தூக்கம் வரலைதான். எழுந்திருக்கத் தைரியம் வரலை" என்றார். இப்போது அவர் இல்லை. இருக்கும்போதே போனேனே என்ற ஆறுதல் மட்டும் எனக்கு உண்டு.

ராபின்சன் அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2012இல் சான் ஹோசே அணிக்குத் துணைப் பயிற்சியாளராகப் போனார். 2019இல் செயின்ட் லூயிஸ் அணி முதன்முறையாகக் கோப்பை வென்றபோது, ஆலோசகராக அந்த அணியோடு இருந்தார். வயது அறுபத்தெட்டு. மாப்பிள்ளை போன் செய்து, "மாமா, உங்க ஆளு மறுபடி ஜெயிச்சுட்டாரு" என்றார்.

'உங்க ஆளு' என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.