பரவாயில்லை என்றால் எத்தனை மார்க்?

தம்பி, சந்தை ஆய்வு வேலையில் சேர்ந்திருக்கிறாய். பத்து நாட்டு எண்கள் ஒரே அட்டவணையில் உன் மேசைக்கு வரும். அவற்றை ஒப்பிட உட்காருவதற்கு முன், நான் பட்டதைக் கேட்டுக்கொள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு சோப்புக்காக மதுரையில் வீடு வீடாகப் போனோம். கேள்வித்தாள் இங்கிலீஷில் வந்தது. பதிலுக்கு ஐந்து கட்டம் போட்ட ஒரு கார்டு. நடுக்கட்டத்தில் இருந்த 'ஃபேர்' என்பதைப் 'பரவாயில்லை' என்று தமிழாக்கியவன் நான்தான். செல்லூரில் ஒரு அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கார்டை வாங்கினார். முகம் மலர, "பரவாயில்லையே!" என்று நடுக்கட்டத்தில் விரலை வைத்தார். 3 என்று குறித்தேன். அடுத்த வீட்டில் உதட்டைப் பிதுக்கி, "ம்... பரவாயில்லை" என்றார்கள். அதற்கும் 3. வெளிநாட்டு 3-களுக்குப் பக்கத்தில் இவற்றையும் வைத்து, இங்கே சோப்பு எடுபடவில்லை என்று அறிக்கை போனது. அந்த ஏகாரத்தை என் காதால் கேட்டவன் நான். தாளில் அதற்கு இடமில்லை என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

தமிழாக்கியதை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி இங்கிலீஷாக்கிப் பார்க்கும் முறையை 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதிவைத்தார். அதைச் செய். ஆனால் அதையே நம்பி இருந்துவிடாதே. 'பரவாயில்லை' அந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும்.

சொல் சரியாக அமைந்தாலும் அளக்கும் கை மாறும். பூக்காரம்மாக்களின் முழம் ஆளுக்கு ஆள் மாறுகிறதல்லவா? ஹார்வர்டின் கேரி கிங்கும் கூட்டாளிகளும் 2004-இல் வெளியிட்ட ஆய்வைப் படி. அரசாங்கத்திடம் உங்கள் பேச்சு எவ்வளவு எடுபடும் என்று சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்டார்கள். மெக்சிகோவில் 71 ஆண்டு ஆண்ட கட்சியை மக்கள் 2000-இல் ஓட்டுப் போட்டு இறக்கியிருந்தார்கள். ஆனாலும் சீனர்கள்தான் தங்களுக்குக் கூடுதல் மார்க் போட்டுக்கொண்டார்கள். அதனால் சில கற்பனை மனிதர்களின் கதையையும் சொன்னார்கள். நல்ல குடிநீர் இல்லாத ஒருவர், அதை மாற்றுவதாகச் சொல்லும் எதிர்க்கட்சி வேட்பாளரை அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து தேர்தலில் ஆதரிக்கிறார். இன்னொருவர் வாய் திறக்காமல் தவிக்கிறார். இவர்களுக்கு எவ்வளவு மார்க் போடுவீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவர் முழமும் தெரிந்துவிட்டது. அதை வைத்துத் திருத்தியதும் வரிசை தலைகீழானது.

முழம் ஒன்றா என்று சோதிக்கக் கணக்கிலும் வழி உண்டு. ஸ்டீன்காம்ப், பாம்கார்ட்னர் இருவரும் 1998-இல் அதைப் படிப்படியாக விளக்கினார்கள். எல்லா நாட்டிலும் நம் கேள்விகள் ஒரே விஷயத்தைத்தான் தொடுகின்றனவா? முழத்தின் நீளம் ஒன்றா? அளக்கத் தொடங்கும் இடமும் ஒன்றா? இந்த மூன்றாவது தேறாமல் இரண்டு நாட்டுச் சராசரியை ஒப்பிடாதே. மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் ஒப்பிடாதே.

இப்போதைக்கு, தாள் அச்சுக்குப் போகுமுன் பத்து வீட்டுக்கு நீயே போ. கார்டை நீட்டு. எந்தக் கட்டத்தைத் தொட்டாலும், ஏன் அதைத் தொட்டீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள். ஏகாரத்தையும் விடாதே.