சென்னை மழையும் ஆக்ஸ்போர்டு வெள்ளமும்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் 47. அடையாற்று வெள்ளம் சென்னைக்குள் புகுந்ததும், "எல்லாம் காலநிலை மாற்றம்" என்றது ஒரு தரப்பு. "செம்பரம்பாக்கம் ஏரியை நேரங்கெட்ட நேரத்தில் திறந்துவிட்டார்கள்" என்றது இன்னொன்று. ஏரியை விசாரிக்கப் பதிவேடுகள் உண்டு. மழையை எப்படி விசாரிப்பது? குறிப்பிட்ட ஒரு மழையில் புவி வெப்பமாதலின் பங்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்கும் வழக்கம் எங்கே பிறந்தது என்று தேடிப்போனேன்.

தேடல் ஆக்ஸ்போர்டில், ஒரு வீட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றது.

2003 ஜனவரி. தேம்ஸ் ஆறு பெருகி, இயற்பியலாளர் மைல்ஸ் ஆலன் வீட்டுச் சமையலறைக் கதவுக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் வெள்ளம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அந்த நிலையில்தான் அவர் 'நேச்சர்' இதழுக்கு எழுதினார்: இந்தச் சேதத்துக்கு ஒருநாள் யாரையாவது பொறுப்பாக்க முடியுமா? அதற்கு முதலில் கேள்வியைத் திருத்த வேண்டியிருந்தது. வெப்பமாதல்தான் காரணமா என்று கேட்டால் எந்த வெள்ளத்துக்கும் பதில் கிடைக்காது. இப்படியொரு வெள்ளம் வரும் வாய்ப்பை அது எவ்வளவு கூட்டியது என்று கேட்டால் கணக்குப் போடலாம்.

மனிதர் விட்ட புகை சேராத ஓர் உலகைக் கணினியில் படைத்து, இன்றைய உலகோடு ஆயிரக்கணக்கான முறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொதுமக்கள் தங்கள் வீட்டுக் கணினிகளை இதற்கு இரவல் தந்தார்கள். 2000-ஆம் ஆண்டு இங்கிலாந்தை மூழ்கடித்த வெள்ளத்தை பர்தீப் பால் குழு இப்படி ஆராய்ந்து 2011-ல் முடிவைச் சொன்னது: பத்துக்கு ஒன்பது கணக்குகளில் வெள்ள அபாயம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது.

சென்னை மழையையும் இந்தக் கேள்வியோடு ஆராய்ந்தார்கள். கெர்ட் யான் வான் ஓல்டன்போர்க், ஃப்ரீடெரிக்கே ஓட்டோ, டெல்லி ஐஐடியின் கிருஷ்ணா அச்சுதாராவ் உள்ளிட்டோரின் ஆய்வு 2016-ல் அமெரிக்க வானிலையியல் சங்க இதழில் வெளியானது. முடிவு: புவி வெப்பமாதலின் தடயம் தென்படவில்லை.

ஊரே எதிர்பார்த்த பதிலை விட்டுவிட்டு, கணக்கில் வந்ததை அப்படியே சொன்ன அந்த நேர்மை என்னை வெகுவாகக் கவர்ந்தது. ஆனால் ஆய்வு அதோடு நிற்கவில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும்; கடலும் சூடேறினால் மழை வலுக்கும். வங்கக்கடலின் மேற்குப் பகுதியோ முந்தைய 35 ஆண்டுகளில் சூடேறவே இல்லை. காற்று மாசின் நுண்துகள்கள் வெயிலை மறைத்து, பசுங்குடில் வாயுக்களின் சூட்டை ஈடுகட்டியிருக்கலாம் என்றது ஆய்வு.

இந்தப் பகுதிதான் என்னை உலுக்கியது. நம் நுரையீரலுக்காக மாசைக் குறைத்தே ஆக வேண்டும். குறைந்தால் அந்தத் திரை விலகும்; கடல் சூடேறி மழை வலுக்கலாம். தடயம் இல்லை என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மழைநீர் வடிகாலுக்கு அளவு குறிப்பது பெரும் ஆபத்து.

மேற்குத் தொடர்ச்சி மலையில் விடை வேறாக வந்தது. வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று, ஏற்கனவே ஊறிக்கிடந்த மண்ணில் ஒரே நாளில் 14 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது; நிலச்சரிவில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணோடு போயின. ஓட்டோவும் ஓல்டன்போர்க்கும் தொடங்கிய ஆய்வுக் குழு அந்த மழையைக் கணக்கிட்டது. வெப்பமாதல் அதைச் சுமார் 10 சதவீதம் வலுவாக்கியிருக்கிறது என்றது. மலைப்பாங்கான சிறு பகுதி என்பதால் இந்த எண்ணில் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதையும் சேர்த்தே சொன்னது.