கணினிக்கு வந்த காய்ச்சல்



"கணினி தானாகவே அணைந்து விடுகிறது. பழையதாகிவிட்டது. இனிப் புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும்." பள்ளி அலுவலகத்திலும் பெற்றோர் சந்திப்பிலும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அவ்வாறு முடிவெடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதனை எழுதுகிறேன். நான் கணினிப் பொறியாளன் அல்லன், தமிழ்ப்பள்ளி ஆசிரியன். எனினும், பழைய மேசைக் கணினிகளோடு நெடுங்காலம் பழகியதில், அவற்றுள் பெரும்பாலானவை முதுமையால் சாவதில்லை, சூட்டினால்தான் மயங்கி விழுகின்றன என்பதை அறிந்துகொண்டேன். மயக்கத்திற்கும் மரணத்திற்கும் உள்ள வேறுபாடு தெரியாததால் பல குடும்பங்கள் வீண் செலவுக்கு ஆளாகின்றன. சில வேளைகளில், பணத்தைவிடப் பெரிய இழப்பும் நேர்கிறது. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

கணினியின் மூளையாகிய செயலி உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. 2004ஆம் ஆண்டு வெளிவந்த பென்டியம் 4 வரிசையின் 'பிரெஸ்காட்' செயலிகளுள் சில 115 வாட் வரை வெப்பத்தை உமிழ்ந்தன. பழைய நூறு வாட் குண்டு விளக்கின் சூடு நமக்குத் தெரியும். அதைவிட மிகுதியான வெப்பம், கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய, 112 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரு சில்லில் பிறந்தது. அதே ஆண்டு மே மாதம், அடுத்து வெளிவரவிருந்த 'டேஜாஸ்' என்ற செயலித் திட்டத்தையே இன்டெல் நிறுவனம் கைவிட்டது. கட்டுக்கடங்காத வெப்பம் அதற்கு முக்கியக் காரணம். 2006இல் வந்த 'கோர் 2 டுவோ' வரிசையில்தான் பெரும்பாலான மேசைக் கணினிச் செயலிகள் 65 வாட் அளவுக்கு இறங்கின.

இந்த வெப்பம் வெளியேறுவதற்கு ஒரு பாதை உண்டு. சில்லிலிருந்து செயலியின் உலோக மூடிக்கு. மூடியிலிருந்து 'தெர்மல் பேஸ்ட்' எனப்படும் பசையின் வழியாக அலுமினியத் தகடுகளுக்கு. தகடுகளிலிருந்து காற்றாடி தள்ளும் காற்றுக்கு. காற்றோடு பெட்டிக்கு வெளியே. தகடுகளாலான அந்தப் பகுதியைக் கடைக்காரர்கள் 'ஹீட் சிங்க்' என்பார்கள். இடையில் பசை எதற்கு? கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையிலும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கும். அசையாத காற்றைவிட அலுமினியம் ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே அந்தக் காற்றை விலக்கிப் பள்ளங்களை நிரப்பப் பசை தேவைப்படுகிறது. ஆண்டுகள் சென்றால் பசை காய்ந்து வெடிக்கும். தகடுகளைத் தூசு அடைக்கும். காற்றாடியின் சுழற்சி தளரும். பாதையில் ஏதேனும் ஓரிடம் அடைபட்டாலும் வெப்பம் செயலியிலேயே தேங்கும்.

இனி நம் ஊர் நிலைமைக்கு வருவோம். காற்றாடி எவ்வளவு சுழன்றாலும் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையின் சூட்டின் மேல்தான் செயலியின் சூடு ஏறி நிற்கும். குளிரூட்டப்பட்ட 22 பாகை அறையில் 62 பாகையில் வேலை செய்யும் செயலி, கிள்ளான் பள்ளத்தாக்கின் 33 பாகை நண்பகலில் 73 பாகையைத் தொடும். ஆண்டு முழுதும் நமக்குக் கோடைதான்.

தூசுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் புகைமூட்ட அவசரநிலை அறிவிக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நாம் மூக்கை மூடிக்கொண்டோம். கணினியின் காற்றாடியோ அந்தக் காற்றையே உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. புகைமூட்டம் இல்லாத நாள்களிலும் துறைமுகச் சாலைகளில் கனவுந்துகள் கிளப்பும் புழுதி இருக்கிறது. வீட்டிற்குள்ளே, சாமி மேடையின் ஊதுவத்திப் புகையும் சாம்பிராணியும், சமையலறையில் தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையும் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்த தூசு ஊதினால் பறக்காது. கம்பளி போலத் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும்.

நான் முன்னர் சொன்ன பெரிய இழப்புக்கு இப்போது வருகிறேன்.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் நடந்துகொண்டிருந்தது. பிரிக்பீல்ட்சில் உள்ள என் அடுக்ககத்தில் அமர்ந்து, கிள்ளானில் உள்ள மாணவர்களுக்குக் கணினி வழியே பாடம் நடத்திவந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி நாள்தோறும் சரியான நேரத்தில் வருவாள். பத்து நிமிடத்தில் அவள் குரல் விட்டுவிட்டு வரும். இருபது நிமிடத்தில் மறைந்துவிடுவாள். மற்றப் பாடங்களிலும் இதே கதை. "பெயரைப் பதிந்துவிட்டு விளையாட ஓடிவிடுகிறாள்" என்ற பேச்சு எங்கள் ஆசிரியர் குழுவில் எழுந்தது. வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே பாதி நாள் என்று குறிக்கவும் தொடங்கிவிட்டனர். அவள் வீட்டு இணையம் சரியில்லை என்று வேறு சிலர் கூறினர்.

எனக்கு மட்டும் அந்த இருபது நிமிடம் உறுத்தியது. விளையாட ஓடும் பிள்ளை ஒரு நாள் ஐந்து நிமிடத்தில் ஓடும். ஒரு நாள் அரை மணி நேரம் இருக்கும். இணையக் கோளாறும் நேரம் பார்த்து வராது. தவறாமல் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழ்வது பெரும்பாலும் இயந்திரத்தின் பழக்கம். அவள் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கட்டுரை தட்டச்சு செய்யும்போது ஒன்றும் ஆவதில்லை, ஐயா. வகுப்பு என்றால்தான் அணைந்து போகிறது. டிசம்பரில் கடைக்குக் கொண்டுபோனோம். காலம் முடிந்துவிட்டது, புதியது வாங்குங்கள் என்றார்கள். கடன் கேட்டிருக்கிறோம்" என்றார்.

அந்தச் சொல்லே நோயைக் காட்டிவிட்டது. தட்டச்சு செய்யும்போது செயலி பெரும்பகுதி நேரம் ஓய்ந்திருக்கும். காணொலி வகுப்பிலோ, பல முகங்களின் படங்களை ஒரே சமயத்தில் விரித்துக் காட்டவும், தன் படத்தைச் சுருக்கி அனுப்பவும் பழைய செயலி முழு மூச்சில் உழைக்க வேண்டும். சூடு ஏறினால் அது தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குரல் விட்டுவிட்டு வந்தது அதனால்தான். அப்போதும் சூடு தணியாவிட்டால் கணினி தன்னை அணைத்துக்கொள்ளும். பிள்ளை ஓடவில்லை, செயலிதான் ஓய்ந்துபோனது.

மாவட்டம் கடந்து செல்ல அனுமதியில்லாத காலம் அது. எனவே தந்தையாரின் கைப்பேசியைச் சிறுமி பிடித்துக்கொள்ள, தாயார் திருப்புளியால் பெட்டியைத் திறக்க, நான் இங்கிருந்து வழி சொன்னேன். அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட கணினி அது. செயலி 'பென்டியம் டூயல் கோர்'. சாமி மேடைக்குக் கீழே மர மேசையின் அறைக்குள் அடைபட்டு இருந்தது. தகடுகளின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் திரை போலத் தூசு. அதைவிட முக்கியமாக, குளிரூட்டும் பகுதியைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் நான்கு பிளாஸ்டிக் முளைகளுள் ஒன்று கழன்று நின்றது. அதனால் அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, செயலியின் மேல் சரியாகப் பதியாமல் இருந்தது. துலக்கிச் சுத்தம் செய்து, அந்த முளையை அழுத்தியதும் 'டக்' என்ற ஓசை எனக்கே கேட்டது.

மறுநாள் வகுப்பு முடியும் வரை அவள் இருந்தாள். கடன் வாங்கும் பேச்சு அத்துடன் நின்றது. வருகைப் பதிவும் திருத்தப்பட்டது.

சில நாள்களில், அஞ்சலில் வரவழைத்த பசையை மாற்றினோம். பழைய பசையைத் துடைத்தபோது செயலியின் மூடியில் பொறித்திருந்த எழுத்துகளைச் சிறுமி படித்தாள். "ஐயா, இதில் 'மலாய்' என்று எழுதியிருக்கிறது!" என்று வியந்தாள். இன்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியதையும், உலகெங்கும் உள்ள கணினிகள் பலவற்றின் செயலிகள் நம் நாட்டில் பொருத்திச் சோதிக்கப்பட்டவை என்பதையும் அன்று அவளுக்குச் சொன்னேன். பாடநூலில் இல்லாத பாடம் அது.

உங்கள் கணினிக்கும் இந்தக் காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியவை இவை.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். கணினியைத் தொடக்கும்போது வரும் பயாஸ் திரையில் செயலியின் வெப்பநிலையைக் காட்டும் பக்கம் பெரும்பாலும் இருக்கும். 'கோர் டெம்ப்', 'எச்டபிள்யூ மானிட்டர்' போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு. அதிக வேலை இல்லாதபோதே 70, 80 பாகையைக் காட்டினால் குளிரூட்டலில் கோளாறு என்று கொள்ளலாம்.

அடுத்து, மின்செருகியைக் கழற்றிவிட்டு, தொடக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்துங்கள். எஞ்சிய மின்சாரம் வடியும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னூட்டத்தையும் இறக்கிவிடுங்கள். மென்மையான வண்ணத் தூரிகையால் தகடுகளைத் துலக்குங்கள். காற்றை ஊதும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழன்றால் அதன் அச்சு கெடும். தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் பிளாஸ்டிக் முனை நிலைமின்சாரத்தை உண்டாக்கும் என்பதால் அதனைத் தவிர்க்கவும்.

பசையை மாற்றுவதானால், கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்த பின் தொடங்குங்கள். சூட்டில் பழைய பசை இளகியிருக்கும். குளிரூட்டும் பகுதியை மெல்லத் திருகி எடுங்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். காலூன்றும் ஊசிகள் கொண்ட பழைய செயலிகள் அதனோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கிவந்து ஊசிகள் வளைந்துபோவதுண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதிய பசையை நடுவில் வைத்தால் போதும். அப்பிப் பூசினால் குளிர்ச்சி கூடாது. நான்கு முளைகளையும் குறுக்கு மூலைகளாக, இரண்டிரண்டாக அழுத்திப் பொருத்துங்கள்.

பிறகு இடத்தை மாற்றுங்கள். பெட்டியின் பின்புறத்திற்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி வேண்டும். மேசை அறைக்குள் அடைக்காதீர்கள். தூசுக்காகப் போர்த்தும் துணியைப் பயன்படுத்தும்போது முழுமையாக எடுத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். மின்செருகியைக் கழற்றிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். தாய்ப்பலகையில் உள்ள சிறு உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ, அது தூசு துடைத்துத் தீரும் நோயன்று. தொழில்நுட்பரிடம் கொண்டுசெல்லுங்கள்.

எல்லாக் கணினிகளையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், இந்த அறிவு இப்போது முன்னைவிடத் தேவைப்படுகிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்காத மேசைக் கணினிகள் பலவற்றை அலுவலகங்கள் கழிக்கும். அவை லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்களோடு நம் பிள்ளைகளின் வீடுகளில் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. அவற்றைப் பெறுகிற குடும்பத்திற்கு ஒரு தூரிகையும் இந்தச் சிறு செய்முறையும் சேர்ந்தே போய்ச் சேர வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் பள்ளி விடுமுறையில் ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்கினால் நன்று. பெற்றோர் தத்தம் கணினியைக் கொண்டு வரட்டும். பிள்ளைகளே பெரியவர்களின் துணையோடு துலக்கட்டும். வெப்பம் கடத்தலை அறிவியல் பாடத்தில் படிக்கிற பிள்ளைகள் அதனைக் கையால் தொட்டு அறிவார்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். ஒரு மாணவர் திடீரென்று வகுப்பிலிருந்து மறைந்தால், குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன் அவர் வீட்டுக் கணினியையும் நலம் விசாரியுங்கள்.